அப்பாவின் பாஸ்போர்ட்டில் ஒரு வரி

மே மாத விடுமுறைக்குச் சிங்கப்பூர் போக ஒரு குடும்பம் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் எடுத்தாயிற்று. ஓட்டலுக்குப் பணம் கட்டியாயிற்று. கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது அம்மா பீரோவைத் திறந்து எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பார்க்கிறார். அப்பாவுடையதில் இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. அம்மாவுடையதில் ஐந்து வருடம். ஆறு வயதுப் பையனுடையதில்? நான்கே மாதம்!

"போறது ஒரு வாரம்தானே, நாலு மாசம் போதாதா?" என்று அப்பா கேட்கலாம். போதாது. சிங்கப்பூருக்குள் நுழைய பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இல்லையென்றால் சென்னை விமான நிலையத்திலேயே விமான நிறுவனத்துக்காரர்கள் போர்டிங் பாஸ் தர மறுத்துவிடுவார்கள். சரி, அவசரமாகப் புதிய பாஸ்போர்ட் எடுக்கலாம் என்றால், அதற்கு அப்பா அம்மா இருவரின் சம்மதமும் வேண்டும். அப்பா வேறு ஊரில் வேலையில் இருந்தால் அதற்கு ஒரு ஓட்டம்.

இது பல வீடுகளில் நடப்பதுதான். பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்து வருடம் ஓடும். சின்னப் பிள்ளைகளுடையது ஐந்து வருடத்தில் முடிந்துவிடும். எல்லாம் ஒன்றாக எடுத்தோமே, ஒன்றாகத்தான் முடியும் என்று நினைத்துவிடுகிறோம்.

இப்போது சில கேள்விகள். பையன் அப்பாவோடுதானே போகிறான், அப்பாவின் பாஸ்போர்ட்டிலேயே அவன் பெயரையும் எழுதிவிட்டால் என்ன? அவனுக்கு மட்டும் ஏன் ஐந்து வருடம்? எதற்கு இரண்டு பேரின் சம்மதம்? காலாவதி ஆகாத பாஸ்போர்ட்டை ஏன் செல்லாது என்கிறார்கள்? கேட்டால் "ரூல்ஸ் அப்படி" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு ரூலுக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. நம் வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் இதெல்லாம் வராது. அதனால் இங்கே பார்ப்போம்.

ஒரு உளவாளியும் ஒரு போட்டோவும்

முதல் உலகப் போருக்கு முன்னால் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே நாடு விட்டு நாடு போக முடிந்தது என்றால் நம்புவீர்களா? ரஷ்யா, துருக்கி போன்ற சில நாடுகள்தான் கட்டாயமாகக் கேட்டன. ரயில் வந்து மக்கள் கூட்டம் கூட்டமாகப் பயணம் செய்யத் தொடங்கியதும், ஒவ்வொருவரின் தாளையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று பல நாடுகள் அதைக் கைவிட்டுவிட்டன.

1914-ல் போர் வந்ததும் எல்லாம் மாறியது. கார்ல் ஹான்ஸ் லோடி என்ற ஜெர்மானியர், சார்லஸ் இங்கிலிஸ் என்ற அமெரிக்கரின் உண்மையான பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிரிட்டனுக்குள் நுழைந்து உளவு பார்த்தார். அந்தக் காலத்துப் பாஸ்போர்ட்டில் போட்டோ கிடையாது. யார் வைத்திருக்கிறாரோ அவர்தான் இங்கிலிஸ்! லோடி பிடிபட்டு 1914 நவம்பர் 6 அன்று லண்டன் கோபுரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு பாஸ்போர்ட்டில் போட்டோ கட்டாயமானது. 1915-ல் வந்த பிரிட்டிஷ் பாஸ்போர்ட் ஒரே தாள், எட்டாக மடித்து அட்டை போட்டது. அதில் போட்டோ, கையெழுத்து, முகத்தின் வடிவம், நிறம் எல்லாம் இருந்தன.

நம் நாட்டுக்கும் பாஸ்போர்ட் அந்தப் போரோடுதான் வந்தது. 1915-ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், இந்தியாவை விட்டுப் போகவும் உள்ளே வரவும் பாஸ்போர்ட் வேண்டும் என்றன. போர் முடிந்ததும் இது போய்விடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். போகவில்லை. 1920-ல் இந்தியப் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. அதே ஆண்டு பாரிசில் உலக நாடுகள் சங்கம் ஒரு மாநாடு கூட்டி, எல்லா நாடுகளும் ஒரே மாதிரி 32 பக்கப் புத்தகமாகப் பாஸ்போர்ட் அச்சடிக்கலாம் என்று பரிந்துரைத்தது. இன்று நம் கையில் இருக்கும் சின்னப் புத்தகத்தின் பாட்டன் அதுதான்.

அந்தப் பாட்டனை ஒரு முறை திறந்து பார்த்தால் நம் கதை புரிந்துவிடும். பழைய நீல நிறப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் அடையாள விவரங்களுக்கு இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்று பாஸ்போர்ட் உரிமையாளருக்கு. அடுத்தது "மனைவி". அதற்குக் கீழே "குழந்தைகள்" என்று சில கோடுகள். அதில் பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அவ்வளவுதான். மனைவிக்காவது போட்டோ ஒட்ட இடம் இருந்தது. குழந்தைக்கு அதுவும் இல்லை. அதாவது பயணி என்றால் அப்பா. மற்றவர்கள் அவரோடு வருகிறவர்கள்.

அம்மாவும் அப்படித்தான் என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் திருமணமான பெண் தன் சொந்தப் பெயரில் பாஸ்போர்ட் வாங்குவதே பெரிய போராட்டமாக இருந்தது. 1925-ல்தான் டோரிஸ் ஃபிளைஷ்மன் என்ற பெண் திருமணத்துக்குப் பிறகும் தன் பெயரிலேயே பாஸ்போர்ட் பெற்றார். அதற்கு முன்பு அவர்கள் "இன்னாரின் மனைவி"தான். அம்மாவுக்கே இந்த நிலை என்றால் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த முறையில் ஒரு வசதியும் இருந்தது. ஒரே புத்தகம், ஒரே கட்டணம். குழந்தை பிறந்தால் ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் அப்பா எங்கேயோ அம்மா எங்கேயோ இருந்தால்? பிள்ளை தனியாகப் போக வேண்டி வந்தால்? அப்போது அந்த வரிக்கு மதிப்பே இல்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1938 காட்டியது.

தனியாகப் போன பத்தாயிரம் பிள்ளைகள்

1938 அக்டோபரில் ஹிட்லரின் அரசு ஜெர்மனியில் இருந்த யூதர்களின் பாஸ்போர்ட்டுகள் எல்லாம் செல்லாது என்று அறிவித்தது. மறுபடி செல்ல வேண்டுமானால் அதில் சிவப்பு நிறத்தில் 'ஜெ' என்ற எழுத்து குத்தப்பட வேண்டும். அந்த எழுத்தைப் பார்த்தாலே மற்ற நாட்டு எல்லைகளில் கதவு மூடிக்கொண்டது. அடுத்த மாதம் 9, 10 தேதிகளில் யூதர்களின் வழிபாட்டு இடங்களும் கடைகளும் நாடு முழுவதும் நொறுக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான ஆண்கள் முகாம்களுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். அப்பாவே முகாமில் இருந்தால், அப்பாவின் பாஸ்போர்ட்டில் ஒரு வரியாக இருக்கும் பிள்ளை எங்கே போகும்?

நவம்பர் 21 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இது பற்றி விவாதம் நடந்தது. 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பெற்றோர் இல்லாமல் வரலாம் என்று அரசு ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாஸ்போர்ட், விசா என்று அலைக்கழிக்காமல் ஒரு அடையாள அட்டை போதும் என்றார்கள். டிசம்பர் 2 அன்று, அதாவது பதினோரே நாளில், ஏறக்குறைய 200 பிள்ளைகள் கொண்ட முதல் குழு ஹார்விச் துறைமுகத்தில் இறங்கிவிட்டது! கையில் ஒரு சின்னப் பெட்டி, கழுத்தில் எண் எழுதிய அட்டை. 1939 செப்டம்பரில் போர் தொடங்கும் வரை இப்படி ஏறக்குறைய 10,000 பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். வரலாற்றில் இதற்கு 'கிண்டர்டிரான்ஸ்போர்ட்' என்று பெயர்.

பெற்றோருக்கு அந்தச் சலுகை கிடையாது. ரயில் நிலையத்தில் கையசைத்துவிட்டுத் திரும்பிய பெற்றோரில் பலரைப் பிள்ளைகள் அதன் பிறகு பார்க்கவே இல்லை.

இந்தச் சம்பவத்தில் எனக்கு இரண்டு விஷயங்கள் முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, பெற்றோரின் தாளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை, பெற்றோரின் தாள் செல்லாமல் போனால் தானும் செல்லாமல் போய்விடும். இரண்டு, மனம் இருந்தால் பதினோரு நாளில் ரூலை மாற்ற முடியும். பாஸ்போர்ட் விதிகள் மனிதர்கள் போட்டவைதான்.

"இயற்கைப் பெருக்கம்"

இதே மாதிரி ஒன்று நம் தமிழர்களுக்கும் நடந்திருக்கிறது. இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களில் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. பிறகு 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று விட்டுவிட்டார்கள். 1974-ல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அப்படியானால் அதன் பிறகு பிறக்கும் குழந்தைகள்? அவர்களுக்கு ஒப்பந்தத்தில் இருந்த பெயர் "இயற்கைப் பெருக்கம்". 5,25,000 பேரோடு அவர்களின் இயற்கைப் பெருக்கமும் இந்தியாவுக்கு. 3,00,000 பேரோடு அவர்களின் இயற்கைப் பெருக்கமும் இலங்கைக்கு. லயத்து வீட்டில் பிறந்த ஒரு பிள்ளை எந்த நாட்டுக்காரன் என்பதை அவன் பிறந்த இடம் முடிவு செய்யவில்லை. பெற்றோர் எந்தக் கணக்கில் இருந்தார்கள் என்பதே முடிவு செய்தது. ஹட்டனையும் நுவரெலியாவையும் தவிர வேறு ஊர் தெரியாத பிள்ளைகள், பெற்றோரோடு தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். 1984-ல் கப்பல் நின்றது. இலங்கையிலேயே எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினை 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் பெருமளவு தீர்ந்தது.

அப்பாவின் பாஸ்போர்ட்டில் ஒரு வரி என்றாலும், ஒப்பந்தத்தில் ஒரு சொல் என்றாலும் அடிப்படை ஒன்றுதான். குழந்தை ஒரு தனி ஆள் இல்லை என்ற எண்ணம்.

இரண்டு வரி, 44 எழுத்து

குழந்தையைத் தனி ஆளாக்கியது யார்? பெரிய தலைவர்கள் யாரோ என்று நினைப்போம். இதில் வேடிக்கை என்னவென்றால், முதலில் அதைச் செய்தது ஒரு இயந்திரம்!

1980-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம், இயந்திரம் படிக்கக்கூடிய பாஸ்போர்ட்டுக்கான விதிகளை வெளியிட்டது. உங்கள் பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கும் பக்கத்தின் அடியில் பாருங்கள். அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் சரியாக 44 எழுத்துகள். நாடு, பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, முடியும் தேதி எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த இடத்தில் ஒரு ஆளின் விவரம்தான் கொள்ளும். மனைவி, மூன்று பிள்ளைகள் எல்லாம் அதற்குள் நுழைய முடியாது. "ஒரு ஆளுக்கு ஒரு பாஸ்போர்ட்" என்ற கொள்கை இப்படித்தான் வலுப்பெற்றது.

அமெரிக்கா 1981 தொடக்கத்திலிருந்தே குடும்பத்தாரை ஒரே பாஸ்போர்ட்டில் சேர்ப்பதை நிறுத்தியது. பிரிட்டன் 1998 அக்டோபர் 5 முதல் பெற்றோரின் பாஸ்போர்ட்டில் புதிதாகப் பிள்ளைகளைச் சேர்ப்பதை நிறுத்தியது. இந்தியப் பாஸ்போர்ட்டிலும் குழந்தைகளின் பெயரை எழுதும் வழக்கம் இருந்தது, பிறகு மறைந்தது. கையால் எழுதிய பழைய பாஸ்போர்ட்டுகள் எல்லாம் 2015 நவம்பர் 24-க்குள் புழக்கத்திலிருந்து போக வேண்டும் என்று உலகம் முழுவதற்கும் கெடு வைக்கப்பட்டது. உங்கள் தாத்தா பாட்டியின் பழைய பாஸ்போர்ட் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். உங்கள் மாமாவோ சித்தியோ அதில் மையால் எழுதிய ஒரு வரியாக இருக்கக்கூடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நடந்தது நம் தலைப்புக்கு மிகவும் பொருத்தமானது. 2012 ஜூன் 26 அன்று, பெற்றோரின் பாஸ்போர்ட்டில் இருந்த பிள்ளைகளின் பதிவுகள் அங்கே ஒரே நாளில் செல்லாமல் போயின. பெற்றோருக்கு அந்தப் பாஸ்போர்ட் செல்லும், பிள்ளைக்குச் செல்லாது. தேதியைக் கவனியுங்கள். அங்கே கோடை விடுமுறை தொடங்கும் நேரம்! ஜெர்மனியில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தனி ஆவணம் தேவைப்பட்டது. அங்கே பிள்ளைகளுக்கென்றே எளிதாக உடனே கிடைக்கும் சிறுவர் பாஸ்போர்ட் ஒன்று இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் அதையும் புதிதாகத் தருவதில்லை.

ஐந்து வருடக் கணக்கும் இந்த "ஒரு ஆள், ஒரு முகம்" கொள்கையிலிருந்து வந்ததுதான். முப்பது வயதுக்காரரின் முகம் பத்து வருடத்தில் கொஞ்சம் மாறும். ஆறு மாதக் குழந்தையின் முகம் ஐந்து வயதில் வேறு முகமே ஆகிவிடும். அதனால்தான் இந்தியாவில் சிறுவர்களின் பாஸ்போர்ட் ஐந்து வருடம் அல்லது 18 வயது, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. (15 வயது தாண்டியவர்கள் விரும்பினால் பத்து வருடத்துக்கு எடுக்கலாம்.) பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 16 வயதுக்குக் கீழ் ஐந்து வருடம்தான்.

இரண்டு பேரின் சம்மதம் எதற்கு?

குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட் வந்ததும் ஒரு புதிய ஆபத்தும் வந்தது. கணவன் மனைவிக்குள் சண்டை. ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லாமல் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுத்து விமானம் ஏறிவிட்டால்? இன்னொருவர் அந்த நாட்டின் மொழி தெரியாமல், சட்டம் தெரியாமல் எங்கே போய்த் தேடுவார்?

இதற்காகவே 1980 அக்டோபர் 25 அன்று ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைச் சட்டவிரோதமாக வேறு நாட்டுக்குக் கொண்டு போனால், வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதை அந்த நாட்டு நீதிமன்றம் முடிவு செய்யும். 1983 டிசம்பர் 1-ல் இது நடைமுறைக்கு வந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன.

ஆனால் போன பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவருவதைவிட, போகாமல் தடுப்பது எளிது. அதற்கு நல்ல இடம் பாஸ்போர்ட் விண்ணப்பம்தான். அமெரிக்கா 2001 ஜூலையிலிருந்து 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இரு பெற்றோரின் சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. 2008-ல் அது 16 வயதாக உயர்ந்தது. இந்தியாவிலும் சிறுவர்களின் விண்ணப்பத்தோடு பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி தர வேண்டும். ஒருவரின் சம்மதம் கிடைக்காதபோது அதற்கென்று வேறு உறுதிமொழிப் படிவம் உண்டு.

இந்தியா இதுவரை ஹேக் உடன்படிக்கையில் சேரவில்லை. சேரலாம் என்று 2009-ல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? வெளிநாட்டில் கணவனின் அடி உதைக்குப் பயந்து பிள்ளையோடு தாய்நாட்டுக்கு ஓடி வரும் பெண்களின் கதி என்ன என்று கேட்டார்கள். உடன்படிக்கையின் கண்ணுக்கு அந்தத் தாயும் "பிள்ளையைக் கடத்தியவர்"தான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு பேரின் கையெழுத்து பிள்ளைக்குக் காவல். அந்த இரண்டாவது கையெழுத்தைத் தர வேண்டியவனே ஆபத்தானவனாக இருந்தால், அதே காவல் சிறையாகிவிடும்.

அம்மாவின் கையெழுத்து

இந்த இடத்தில் கோயம்புத்தூரில் பிறந்த ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எழுத்தாளர் கீதா ஹரிஹரன். 1984-ல் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் கடன் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். விண்ணப்பத்தில் காப்பாளர் என்று தாய் கையெழுத்துப் போட்டிருந்தார். தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். காரணம், 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம். பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, "அவருக்குப் பிறகு" தாய் என்று அதில் இருந்தது.

அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1999 பிப்ரவரி 17 அன்று தீர்ப்பு வந்தது. "அவருக்குப் பிறகு" என்றால் அவர் இறந்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டியதில்லை, அவர் பொறுப்பில் இல்லாத நிலையிலும் தாய் காப்பாளர்தான் என்று நீதிமன்றம் சொன்னது. ஒரு சொல்லின் பொருள்தான். அதற்காக பதினைந்து வருடம்!

2015 ஜூலையில் இன்னொரு தீர்ப்பு. திருமணமாகாத தாய், தந்தையின் பெயரை வெளியிடாமலே தன் பிள்ளைக்குக் காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் பாஸ்போர்ட் விதிகளைத் தளர்த்தியது. விண்ணப்பத்தில் தாய் அல்லது தந்தை, யாராவது ஒருவரின் பெயர் இருந்தால் போதும். 15 ஆக இருந்த இணைப்புப் படிவங்கள் 9 ஆகக் குறைந்தன. தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்களுக்கு அது எத்தனை பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள். 1920-ல் மனைவி என்ற பத்தியில் இருந்தவர், தன் பிள்ளைக்குத் தானே கையெழுத்துப் போட ஏறக்குறைய நூறு வருடம் ஆகியிருக்கிறது.

மீதி இருக்கும் ஆறு மாதம்

காலாவதி ஆகாத பாஸ்போர்ட் ஏன் செல்லாது என்பதற்கும் காரணம் எளிதானது. போன இடத்தில் உடம்பு சரியில்லாமல் போகலாம், விமானம் ரத்தாகலாம். அதற்குள் பாஸ்போர்ட் முடிந்துவிட்டால் அந்த ஆளை எங்கே அனுப்புவது? அதனால் நாடுகள் முன்கூட்டியே இடைவெளி கேட்கின்றன. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்துக்கு ஆறு மாதம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு, திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம்.

இதைச் சோதிப்பவர் ஏன் விமான நிறுவனத்தின் ஊழியர்? அதுவும் பழைய கதை. 1891-லேயே அமெரிக்கச் சட்டம், உள்ளே விடப்படாத ஆட்களைக் கப்பல் கம்பெனியே தன் செலவில் திருப்பிக் கொண்டு போக வேண்டும் என்றது. 1987-ல் பிரிட்டன், சரியான ஆவணம் இல்லாத ஒவ்வொரு பயணிக்கும் 1,000 பவுண்டு அபராதம் என்று விமானக் கம்பெனிகளுக்குச் சட்டம் போட்டது. ஆகவே கவுண்டரில் இருப்பவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. தவறினால் அபராதம் அவர் கம்பெனிக்கு.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல்

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. அதுதான் பெயர்! உலகப் பாஸ்போர்ட் முறைக்குக் குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று வேண்டும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் ஒரு இனிஷியல், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். அப்பா பெயர் பிள்ளையின் குடும்பப் பெயராகிவிடும். சிலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்துவிடுவார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு வருகை விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது பலர் திண்டாடிப் போனார்கள். பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்கம் வந்தது.

இன்னொன்று பிறப்புச் சான்றிதழ். குழந்தை பிறந்ததும் பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு செய்துவிடுவதால், சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பல பேர் மறந்துவிடுகிறார்கள். பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போதுதான், சட்டத்தின் கண்ணில் தங்கள் பிள்ளைக்கு இன்னும் பெயரே இல்லை என்பது தெரிய வருகிறது! 2025 பிப்ரவரியில் வந்த திருத்தத்தின்படி, 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும். எனவே இனி அந்தக் காலி இடத்தை யாரும் அலட்சியமாக விட முடியாது.

முடிவாக

1989-ல் ஐ.நா. சபை குழந்தைகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர் உண்டு, நாடு உண்டு, தன் அடையாளத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று அது சொல்கிறது. படிக்கும்போது பெரிய வார்த்தைகளாகத் தெரியும். அதன் நடைமுறை வடிவம் என்ன என்று கேட்டால், ஆறு வயதுப் பையனின் போட்டோ ஒட்டிய, அவன் பெயர் மட்டுமே இருக்கிற அந்தச் சின்னப் புத்தகம்தான்.

பத்து நாள் இருக்கும்போது பிள்ளையின் பாஸ்போர்ட்டில் சிக்கல் என்று தெரிந்தால் எரிச்சல் வரும். கட்டிய பணம் போகும், பிள்ளை அழும். அந்த வருத்தம் உண்மையானது. தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு வழியை இன்னும் எளிதாக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் "பையனுக்கு எதுக்குத் தனியா ஒண்ணு?" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்பா இல்லாவிட்டால் அவனும் இல்லை என்றிருந்த காலத்தைக் கடந்துதான் அந்தப் புத்தகம் அவன் கைக்கு வந்திருக்கிறது.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் தம்பி தங்கையின் பாஸ்போர்ட்டை எடுத்து முடியும் தேதியைப் பாருங்கள். அதிலிருந்து ஆறு மாதத்தைக் கழியுங்கள். அதுதான் உண்மையான கடைசித் தேதி!